நாகேஸ்வரி எழுதிய 'ரிப்பீட்'

வெள்ளவத்தையில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியின் லாப்பில் இருபத்திரண்டு வருசம் இரத்தம் பார்த்தவள் நாகேஸ்வரி. ஸ்லைட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து அவள் ஒரு சொல் சொன்னால் டொக்டர்மாரே மறுத்துக் கதைக்க மாட்டார்கள். சும்மா சொல்லப்படாது, கெட்டிக்காரிதான். அந்தப் பேரைக் கெடுக்கத்தான் 2008இல் ஒரு சனியன் வந்து சேர்ந்தது.

சனியன் என்றால் மெஷின். இரத்தத்தில் கிருமி ஏறினால் புரோகால்சிடோனின் என்றொரு சாமான் கூடும். அதை அளந்து ஒரு துண்டில் அடித்துத் தரும். அதோடு கொட்டாஞ்சேனையிலிருந்து பிறிஜெற் என்ற இருபத்தாறு வயசுப் பெட்டையும் வந்தாள், சிங்கப்பூரில் மூன்று மாதம் பழகியவள். அன்றிலிருந்து டெலிபோன் அடித்தால், "பிறிஜெற் இருக்கிறாவோ?" நாகேஸ்வரிக்கு வயிறு பற்றி எரியும். ஆமி செக்பொயின்றில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கியதில் பெட்டை பிந்தி வந்தால், எத்தனை நிமிசமென்று ரெஜிஸ்டரில் எழுதி வைப்பாள். தானும் அப்படிப் பிந்தியவள்தான், அது வேறு கதை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற நாகேந்திரத்தைக் கொண்டு வந்தார்கள். சீனி வருத்தக்காரர், காலில் புண். காய்ச்சல் இல்லை, ஆனால் கதைக்க வாய் தடுமாறியது. வெறும் புண்ணோ, செப்சிஸோ என்று டொக்டர் சிவானந்தனுக்குச் சந்தேகம். கிருமி ஏறி உடம்பே குழம்பிப்போகிற அந்த வருத்தத்தில் ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் ஆள் போய்விடலாம். லாப் சொன்னதும் ஐ.சி.யூ.வில் போட்டுப் பெரிய மருந்து தொடங்குவதாகச் சொல்லி இரத்தத்தை அனுப்பினார்.

பத்தேகாலுக்கு மெஷின் துண்டைத் துப்பியது: பதினெட்டு. அரையைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும்.

"அக்கா, பதினெட்டு! கெதியா சைன் வையுங்கோ, வார்ட்டுக்குச் சொல்லுவம்."

நாகேஸ்வரி தன்னுடைய எண்ணிக்கையைப் பார்த்தாள். வெள்ளை அணு ஒன்பதாயிரம், நோர்மல்; கிருமி ஏறியிருந்தால் கூடியிருக்க வேண்டும். ஆகா, அகப்பட்டியா! ஸ்லைட் இன்னும் சாயத்தில் கிடந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். அன்று பொறுமை எங்கே இருந்தது? துண்டில் 'ரிப்பீட்' என்று எழுதிக் கொடுத்தாள்.

"உன்ர மெஷினுக்குத்தான் காய்ச்சல், பிள்ளை. திரும்பப் போடு."

"அதுக்கு முக்கால் மணித்தியாலம் பிடிக்கும், அக்கா..."

"பிடிக்கட்டும்."

பிறிஜெற் போய்த் திரும்பப் போட்டாள். 

அரை மணித்தியாலம் கழித்து நாகேஸ்வரி ஸ்லைட்டில் கண்ணை வைத்தாள். ஐயோ! எண்ணிக்கை சரி, ஆனால் பாதிக்கு மேல் முற்றாத அணுக்கள், உள்ளே கறுத்த மணிகள். சண்டைக்கு ஆள் காணாமல் உடம்பு பிஞ்சுகளையெல்லாம் பிடித்து அனுப்பியிருந்தது. மெஷின் சொன்னது முழு உண்மை.

போனை எடுக்க வேண்டும். எடுத்தால் பெட்டை வென்றதாகிவிடும். மனுசன் அங்கே செத்துக்கொண்டிருக்க, பாவி, அவளுக்கு முதலில் வந்த யோசனை அதுதான். கடைசியில் எடுத்தாள். "டொக்டர், என்ர ஸ்லைட்டில செப்சிஸ் தெளிவாத் தெரியுது." பதினெட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதற்குள் நாகேந்திரத்தின் பிரஷர் விழுந்துவிட்டது. நாலு நாள் ஐ.சி.யூ.வில் இழுபட்டு, ஐந்தாம் நாள்தான் கண் விழித்தார். அன்று டொக்டர் சிவானந்தன் லாப்புக்கே இறங்கி வந்தார்.

"நாகேஸ்வரி, உங்கட கண்ணாலதான் மனுசன் தப்பினவர்." பிறகு பிறிஜெற்றைப் பார்த்தார். "உம்மட மெஷின் ஏன் அண்டைக்குப் பிந்தினது? முந்தித் தெரிஞ்சிருந்தால் இவ்வளவு மோசமாப் போயிராது."

நேரம் அச்சடித்து, 'ரிப்பீட்' என்று எழுதிய துண்டு பிறிஜெற்றின் ஃபைலில் இருந்தது. எடுத்து நீட்டினால் நாகேஸ்வரியின் இருபத்திரண்டு வருசமும் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். பிறிஜெற் ஃபைலை மூடி வைத்தாள்.

"என்ர பிழைதான், டொக்டர். திரும்பப் போட வேண்டியதாப் போச்சு."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

"ஏனடி அப்பிடிச் சொன்னனீ?"

"எனக்கு விழுந்த பேச்சு நாளைக்கு மறந்துபோகும், அக்கா. உங்களுக்கு விழுந்தால் தாங்க மாட்டியள்."

  இவ்வளவு நாளும் நாகேஸ்வரி பெட்டையின் வேலையைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டாள். இனி அவளுடைய குணத்தைப் பார்த்தும் பொறாமைப்பட வேண்டும்.