நாற்பதுக்கு முன்னே வந்த வெக்கை

காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோதுதான் அது முதன்முதலாக வந்தது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான்காம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். அன்று மூட்டம் நன்றாக இறங்கியிருந்தது. பிள்ளைகள் ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு நடுங்கியபடி பாடினார்கள். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக ஏறி, காதுமடலில் வந்து நின்றது. சற்று நேரத்தில் தலையில் கட்டியிருந்த துணி நனைந்து, வேர்வை புருவத்தில் இறங்கியது.

மார்பில் புற்றுநோய் என்று வெட்டி எடுத்து, கீமோ மருந்து முழுவதும் ஏற்றி முடித்து, அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. காய்ச்சல் அடித்தால் வீட்டில் இருக்கக் கூடாது, உடனே வந்துவிட வேண்டும் என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே பாடசாலை அதிபரிடம் சொல்லிவிட்டு பதுளை பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் சாவைப் பற்றித்தான் நினைத்தேன். குளிருக்குப் பயந்து பஸ்ஸில் எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. நான் என் பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். பின்சீட்டுக்காரர், "டீச்சர், காது அடைக்குது, மூடுங்க" என்றார். மூடினேன். பிறகு மறுபடியும் திறந்தேன்.

கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ் சிங்களப் பெண். தமிழைத் தேடித் தேடிப் பேசுவார். காய்ச்சல் பார்த்துவிட்டு இல்லை என்றார். இன்னொருமுறை பாருங்கள் என்று கேட்டேன். பார்த்தார். அப்போதும் இல்லை. என் முகத்தைத் துணியால் துடைத்துவிட்டு, "அக்காக்கு மாசம் மாசம் வாறதா?" என்று கேட்டார்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு வரவில்லை. உடம்பில் ரத்தம் இல்லாததால் இருக்கும், சாப்பிட்டுத் தேறினால் வந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

"இது அதுதான் அக்கா. மருந்து போன நேரம் முட்டை வாற இடம் தூங்கிறது. சில ஆள்களுக்கு எழும்புறது. சில ஆள்களுக்கு எழும்புறது இல்ல."

"எனக்கு?"

"டொக்டர்ட்ட கேப்போம்."

டொக்டரும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தொன்பது வயதில் திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் விழுங்கும் மாத்திரையைப் பல வருஷம் நிறுத்த முடியாது. அந்த மாத்திரையே இந்தச் சூட்டைக் கூட்டும். அதை விழுங்கும் காலத்தில் பிள்ளை உண்டாகக் கூடாது. இதையெல்லாம் முன்பே எனக்குச் சொல்லியிருப்பார்கள். பிழைப்பேனா மாட்டேனா என்பதைத் தவிர வேறெதுவும் அந்த நாட்களில் என் காதில் ஏறவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது பன்னிரண்டு வயது. இன்னொன்று வேண்டும் என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசிப் பேசித் தள்ளிப்போட்டோம். முதலில் என் நியமனம் வரட்டும் என்றோம். பிறகு தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வெளியே ஒரு வீடு கட்டலாம் என்றோம். வீடும் கட்டி முடித்தோம். அதில் ஒரு சின்ன அறை வரப்போகும் பிள்ளைக்கென்று இருந்தது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது அந்த அறைதான் கண்ணுக்குள் நின்றது.

வீட்டுக்காரர் தோட்டத்து டீ பெக்டரியில் கொழுந்து காயவைக்கும் மெஷினில் வேலை செய்கிறார். சாயங்காலம் வந்ததும் சொன்னேன். "டிரையர் பக்கத்துல நின்னா இருக்குமே, அப்படியா?" என்று கேட்டார்.

"பக்கத்துல இல்லங்க. உள்ள."

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பதுளை பஜாருக்குப் போனார். மின்சாரச் சாமான் கடை முதலாளி எங்களுக்குப் பழக்கமான முஸ்லிம் பெரியவர். மேசை ஃபேன் ஒன்று வேண்டும் என்றதும் அவருக்கு ஆச்சரியம்.

"தோட்டத்துக்கா? அந்தக் குளிர்ல ஃபேன் எதுக்கு தம்பி? சுடுதண்ணி ஹீட்டர் வேணும்னா காட்டுறேன்."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலும் ஃபேன் கிடையாது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தபோது, கூட வேலை செய்யும் ஒருவர் என்ன சங்கதி என்று விசாரித்தார். "காளான் வளக்கப் போறோம். அதுக்குக் காத்து வேணுமாம்" என்றார் இவர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நோய் வந்ததற்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தேன். அதன்பின் பல மாதம் அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னிடம் காளான் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. ஃபேன் ஓடினால் எனக்குத் தூக்கம் வரும், அவருக்கு இருமல் வரும். முன்னறை பெஞ்சில் படுக்கத் தொடங்கினார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. உடம்பு உள்ளே காய்ந்துபோய், அவர் அருகில் வந்தாலே வலிக்குமோ என்ற பயம்தான் முதலில் வந்தது. அதை எந்தச் சொல்லால் சொல்வதென்று தெரியவில்லை. பிள்ளைகளுக்கு நாள் முழுவதும் சொல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். பாடசாலையிலும் தடுமாறினேன். கரும்பலகையில் பாதி வாக்கியம் எழுதிவிட்டு, மீதி என்னவென்று தெரியாமல் சோக்கட்டியோடு நின்றேன். வீட்டில் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தினேன். கத்திவிட்டு அழுதேன்.

என் கவனமெல்லாம் என் உடம்பிலேயே இருந்ததால், மகள் ஒதுங்கிப்போனது தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. குளித்துவிட்டு நெடுநேரம் கதவைத் திறக்கமாட்டாள். தன் துணிகளைத் தானே துவைத்தாள். ஒரு விடுமுறை நாளில் கொடியில் துணி எடுக்கப் போனேன். ஒரு துவாயின் அடியில் அவளுடைய வெள்ளைப் பாவாடை மறைத்துப் போட்டிருந்தது. கறை முழுவதும் போயிருக்கவில்லை.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் புள்ள அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா எல்லாரும் வந்து தண்ணி ஊத்துவீங்க. அப்ப பாத்துருவீங்க."

"என்னத்த?"

சட்டைக்கு மேலே இடப்பக்கம் கையை வைத்தாள். "எனக்கும் வந்துருச்சும்மா. இங்க கட்டி இருக்கு. தொட்டா வலிக்குது."

அந்த ஒரு கணம் எனக்கும் அறிவு வேலை செய்யவில்லை. அவளை உள்ளே அழைத்துப் போய்த் தொட்டுப் பார்த்தேன். அந்த வயதில் எல்லாப் பெண்பிள்ளைக்கும் வருகிற வளர்ச்சிதான். எனக்கும் அப்படித்தான் வந்தது. வாயைத் திறந்து அதைச் சொல்வதற்குள் சூடு ஏறிவிட்டது. முகம் சிவந்து வேர்வை ஓடியது.

"நீயும் பயப்படுறம்மா. வேர்க்குது பாரு."

"பயம் இல்லம்மா. இது வேற."

உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு வந்திருப்பது நோய் இல்லை என்றேன். என் வேர்வை எதனால் என்றும், எனக்கு மாதம் வருவது நின்றுபோனதையும் சொன்னேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"எனக்கு வந்ததாலயா ஒனக்கு நின்னுச்சு?"

இல்லை, இல்லை என்று பலமுறை சொன்னேன். நம்பினாளா தெரியாது. பதுளைக்குக் கூட்டிப்போய் ஒரு பெண் டொக்டரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு இயற்கைதான் என்று சொன்னபிறகே அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

சடங்கு வேண்டாம் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் பூனாகலையில் கொழுந்து எடுக்கும் என் நாத்தனார் செய்தி கேட்டதும் வந்து இறங்கிவிட்டார். வீட்டுக்காரருக்கு மூத்தவர், தாய்க்குத் தாயாக வளர்த்தவர். அவர் சொன்னால் இவர் மறுக்கமாட்டார். வீட்டோடு சின்னதாகச் செய்வது என்று முடிவாயிற்று.

தண்ணீர் ஊற்றும் நாள் காலையில், மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்த என்னிடம் நாத்தனார் வந்தார்.

"நீ உள்ளயே இரு புள்ள. நீ ஊத்த வேணாம்."

"ஏன் அண்ணி?"

"ஒடம்பு முடியாதவ. நல்ல காரியத்துல எதுக்கு?"

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். அவரைப் பார்த்தேன். அவர் வாழைமரத்தைக் கட்டும் கயிற்றைப் பார்த்தார்.

மகளை முற்றத்தில் பலகையில் உட்காரவைத்தார்கள். நான் அடுப்படியில் நின்றேன். பட்டுச்சேலை, விறகுப் புகை, கொதிக்கும் பாயாசம். சூடு வந்தபோது நிற்க முடியவில்லை. பின்பக்கக் குழாயடிக்குப் போய், இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நின்றேன். முன்னால் குலவைச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு குடமாக ஊற்றுகிறார்கள் என்று தெரிந்தது.

நாத்தனார் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். என் கழுத்தையும் நனைந்த ரவிக்கையையும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "இது எப்பருந்து?" என்றார்.

"மருந்து ஏத்துனதுலருந்து."

"எனக்குப் போன வருஷத்துலருந்து. மலையில கூடையோட நிக்கிறப்ப வந்துட்டா எங்க போறது சொல்லு. இடுப்புல கட்டுன படங்குச் சாக்க அவுத்துப் போட்டா, ஏன் வேலைய நிறுத்துறன்னு கங்காணி கேக்குறான். ஆம்பளகிட்ட என்னன்னு சொல்றது?"

"யார்கிட்டயும் சொல்லலயா அண்ணி?"

"எனக்கு வயசுல வந்துச்சு. ஒனக்கு இந்த வயசுல வந்துருக்கே." சற்று நின்று, "ஒனக்கு வந்த நோவு புள்ளைக்கும் வந்துருமோன்னுதான் ஊத்த வேணாம்னேன். வேற ஒண்ணும் மனசுல இல்ல" என்றார்.

மன்னிப்பு கேட்கவில்லை. வந்து ஊற்று என்றும் அழைக்கவில்லை. அவர் பயத்தை நான் புரிந்துகொண்டேன். ஆனாலும் என் கோபம் போகவில்லை. நாங்கள் முன்னால் போனபோது மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். துவாய்க்குள்ளிருந்து அவள் கண் என்னைத்தான் தேடியது.

விருந்தாட்கள் போனபிறகு வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன்.

"ஒரு வார்த்த பேசியிருக்கக் கூடாதாங்க?"

"அக்காகிட்ட என்னன்னு பேசுறது?" என்றார். பிறகு அவருக்கும் குரல் உயர்ந்தது. "நீ மட்டும் எங்கிட்ட பேசுனியா? நான் கிட்ட வந்தாலே தள்ளிப் போற. வெட்டுன எடத்தப் பாத்து நான் அருவருப்புப் படுறேன்னு நெனச்சுக்கிட்டியோன்னு நான் தெனமும் யோசிக்கிறேன்."

அவர் அப்படி நினைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. "எனக்கு வலிக்குதுங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை மாதம் எடுத்துக்கொண்டேன்! அவர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த கிளினிக்குக்கு அவரும் வந்தார். அந்த மிஸ், கதவைச் சாத்திவிட்டு, வெட்கப்படாமல் எங்கள் இருவருக்கும் சேர்த்து விளக்கினார். வறட்சிக்குத் தடவ ஒரு களிம்பு இருக்கிறது என்றார். இந்த நோய் வந்தவர்களுக்கு ஹோர்மோன் மாத்திரை சரிவராது, யார் சொன்னாலும் வாங்கக் கூடாது, நாட்டு மருந்தானாலும் கேட்காமல் குடிக்கக் கூடாது என்றார். டொக்டர் சூட்டைக் குறைக்க வேறொரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

கொஞ்சம் குறைந்திருக்கிறது. முன்பு மாதிரி அடிக்கடி வருவதில்லை. வீட்டுக்காரர் அறைக்குத் திரும்பினார். சில நாள் மறுபடியும் பெஞ்சுக்குப் போய்விடுகிறார். காரணம் குளிரா, என் சிடுசிடுப்பா என்று நான் கேட்பதில்லை. எனக்கே கோபம் வரும்போது அது மாத்திரையா, வயதா, நான்தானா என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை. மாத்திரை முடிய இன்னும் சில வருஷம் இருக்கிறது. மாதவிடாய் திரும்பவில்லை. திரும்பாது என்றுதான் இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். நாத்தனாரையும் கிளினிக்குக்கு வரச் சொன்னேன். "ஒரு நாள் வேல போயிரும்" என்று தட்டிக்கழித்துவிட்டார்.

போன திங்கட்கிழமை மகள் பாடசாலைக்குக் கிளம்பும்போது, ரிப்பனை நீட்டி, தலை பின்னிவிடச் சொல்லி என் முன்னால் உட்கார்ந்தாள். பாதிப் பின்னலில் சூடு வந்துவிட்டது. முடியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். நான் முகம் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, மீதியை அவளே பின்னி முடித்துவிட்டு, சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தாள்.