அக்கரைத் தோட்டத்தார் ஜெயித்த ஆட்டம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில் கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. எங்கள் சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி மானேஜர், ஆஸ்திரேலியாக்காரர். தம் நாட்டுக் கால்பந்தை எங்களுக்குப் பழக்கி, ஒரு கிளப்பையும் தொடங்கி, என்னைக் கேப்டனாக்கினார். முட்டை வடிவப் பந்து, கையாலும் பிடிக்கலாம். திடலின் இரு முனையிலும் நந்நான்கு கம்பங்கள். நடு இடைவெளியில் உதைத்தால் ஆறு புள்ளி. பக்கத்து இடைவெளிகளில் போனால் ஒன்றுதான்.

வேறு எந்தத் தோட்டத்துக்கும் தெரியாத ஆட்டம். அதனால் நாங்கள் தோற்றதேயில்லை. ஒவ்வொரு வெற்றியையும் சின்னத்துரை கிளப் சுவரிலிருந்த பலகையில் வெள்ளைச் சாயத்தால் எழுதுவித்தார். அதைப் பார்க்க எனக்கும் பெருமையாகவே இருந்தது.

ஒரு நாள் ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்திலிருந்து பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கும் ஆட்கள் ஆட வந்தார்கள். அவர்களுடைய துரை விதிகளைச் சொல்லியிருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து இடைவெளிகளில் திரும்பத் திரும்ப உதைத்துவிட்டு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் நடுவில் உதைத்தது குறைவு. ஆனாலும் புள்ளி எங்களுக்கே அதிகம். ஆட்டம் முடிந்ததும் தாங்களே ஜெயித்ததாக நினைத்து அவர்கள் தப்படித்து ஆடத் தொடங்கினார்கள்.

"போய் விளங்கப்படுத்து" என்று சின்னத்துரை என்னை அனுப்பினார்.

அவர்களுடைய கேப்டன், ஆட்களை வேலை வாங்கும் ஒரு மண்டோர். என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "கிராணி ஐயா, மனசுல வச்சுக்காதீங்க. நல்லாத்தான் ஆடுனீங்க. அடுத்த தடவ நீங்க ஜெயிப்பீங்க."

"மண்டோர், பக்கத்தாலை போனால் ஒண்டுதான். நடுவாலை போனால்தான் ஆறு. நீங்கள் தோத்திட்டியள்" என்றேன் மெதுவாக.

அவர் கைகள் தளர்ந்தன. "மொதல்லயே யாரும் சொல்லலியே, ஐயா?"

ஆடிக்கொண்டிருந்த தம் ஆட்களை அவர் திரும்பிப் பார்த்தார்.

"இத அவங்ககிட்ட சொல்லணுமா?"

"வேண்டாம்."

தப்புச் சத்தத்தோடு அவர்கள் படகுக்குப் போனார்கள். மண்டோர் மட்டும் ஆடாமல் பின்னால் நடந்தார்.

மறுநாள் அந்த வெற்றியும் பலகையில் ஏறியது. எல்லோரும் கைதட்ட, சின்னத்துரை என்னை அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் பிடித்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இனி ஆட முடியாது என்று அவரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். முழங்கால் வலிக்கிறது என்றேன்.

அன்று மாலை தைலப் புட்டியோடு அவரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். எந்த நோவும் இல்லாத முழங்காலில் அவர் கண் முன்னாலேயே அதைத் தேய்த்துக்கொண்டேன்.