மந்திரவாதியின் உயிரும் என் மதியச் சோறும்

தாயில்பட்டிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் ஒரு சீசன் முழுக்க நான் மதியச் சோறு தின்றது ஒரு டிவி நாடகத்தின் புண்ணியத்தில்.

என் வேலை தட்டுச் சுமப்பது. அங்கே ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே நல்ல தூரம். ஓர் அறைக்காரர் இன்னோர் அறைக்குப் போய்ப் பேசக் கூடாது. சாப்பிடப் போவதும் முறை வைத்துத்தான். வெடிமருந்துத் தட்டோடு எல்லா அறை வாசலுக்கும் போய் வருகிற ஆள் நான் ஒருவன்தான். ஆகவே அறைகளின் பேச்சும் என் வழியாகத்தான் போய் வந்தது.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். திருப்பூரில் கொஞ்சம், சென்னையில் கொஞ்சம் என்று சுற்றிவிட்டு அங்கே வந்து சேர்ந்தேன். படுக்கை வாட்ச்மேன் கொட்டகையின் ஓரத்தில். காலையில் டீ, ராத்திரி இரண்டு பரோட்டா. மதியத்துக்கு வழி இல்லை. பசித்தால் தண்ணீர் குடிப்பேன், மூன்று மணிக்கு மேல் பசி அதுவாகவே அடங்கிவிடும்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். எங்கோ வடக்கே எடுத்துத் தமிழ்ப் பேச்சு சேர்த்தது. உதடு மூடிய பிறகும் ராஜகுமாரி பேசிக்கொண்டிருப்பாள். ஒரு மந்திரவாதி அவளை வெள்ளிச் சிலையாக்கிவிட்டான். அவன் உயிர் அவன் உடம்பில் இல்லை, வேறெங்கோ ஒளித்து வைத்திருக்கிறான். அதைக் கண்டுபிடித்து அழித்தால் சிலை பெண்ணாகும். இளவரசன் வாரத்துக்கு ஒரு காட்டைத் தாண்டுவான். மிச்ச ஆறு நாளும் கம்பெனி முழுக்க ஒரே கேள்வி: உயிர் எங்கே இருக்கிறது?

சிலையைப் பார்த்து அங்கே யாரும் மலைக்கவில்லை. அலுமினியப் பவுடர் சலிக்கிறவர்கள் சாயங்காலம் தலை முதல் கால் வரை வெள்ளியாகத்தான் வேனில் ஏறுவார்கள்.

“சோப்புப் போட்டுத் தேய்ச்சா போயிரும். இதுக்கு எதுக்குலே ஏழு கடலு தாண்டுதான் அந்தப் பய?” என்றாள் நாலாம் அறை மதினி. தாயில்பட்டிக்காரி. மதினி முறை வைத்துக் கூப்பிட்டது நானாகத்தான், அவளும் ஆட்சேபிக்கவில்லை. அவள் கட்சி கிளிக் கட்சி. “கதைன்னா கிளியிலதான் உசிரு இருக்கும். இல்லாட்டி அந்தக் கூண்டை எதுக்கு வாரா வாரம் காட்டுதான்?”

முதல் அறை அக்கா அச்சங்குளத்துக்காரி, வண்ண மருந்து பார்க்கிறவள். அவள் டிவியில் முகங்களைப் பார்க்கவில்லை, புகையைப் பார்த்தாள். மந்திரவாதி வரும்போதெல்லாம் பச்சைப் புகை வரும். ஒருநாள் ராஜகுமாரியின் தோழி பால் கொண்டுவந்தபோதும் அவள் பின்னால் பச்சை தெரிந்ததாம்.

“பச்சை உப்புப் போடாம பச்சை வராது. மந்திரவாதிக்குப் போட்ட மருந்தத்தான் அவளுக்கும் போட்டிருக்கான். அவன் உசிரு அந்தத் தோழிக்குள்ளதான் இருக்கு. எழுதி வச்சுக்கோ.”

“மிச்சம் இருந்த மருந்தப் போட்டிருப்பான்க்கா.”

“நாங்க அப்படிப் போட்டா போர்மேன் சும்மா விடுவாரா?”

இந்த இடத்தில்தான் நான் ஒரு பொய் சொன்னேன். சென்னையில் இந்த நாடகத்துக்குப் பேச்சு சேர்க்கிற இடத்தில் வேலை பார்த்தேன், முடிவு எனக்குத் தெரியும் என்றேன். அப்படி ஓர் இடத்துக்கு எதிரே டீக்கடையில் கிளாஸ் கழுவியது மட்டும் உண்மை.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, தன் தூக்குச்சட்டியிலிருந்து சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்து வைத்தாள். “சாப்பிட்டுட்டுச் சொல்லு. தோழிதான?” வாயில் சோறு இருந்தது. தலையை ஆட்டினேன்.

முறை மாறி நாலாம் அறை சாப்பிட வந்தது. அங்கேயும் அதே பொய்யைச் சொன்னேன். மதினி கம்மங்கூழும் மோர் மிளகாயும் கொடுத்தாள். “கிளிதான?” அதற்கும் ஆட்டினேன்.

இரண்டு ஊருக்கும் வேறு வேறு வேன். அவர்கள் சந்திக்க வழியே இல்லை. வசவுகளை மட்டும் நான் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். “பச்சை உப்ப மோந்து மோந்து அவ மூளையும் பச்சையாப் போச்சுன்னு சொல்லு.” “கிளிக்கதைய விட்டு அவ எப்பம்லே வளரப் போறா?” வசவு காரமாக ஆக, எனக்குக் கிடைத்த குழம்பும் கெட்டியானது. நாடகம் முடிகிற ஞாயிறு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அதற்கு இரண்டு நாள் முன்பு இடி இடித்தது.

இடிச் சத்தம் கேட்டால் வெடிக் கம்பெனியில் போட்டது போட்டபடி எல்லோரும் வெளியேற வேண்டும். மணி அடித்தார்கள். அத்தனை அறைகளும் காலியாகி, கேட்டுப் பக்கத்துக் கொட்டகையில் வந்து உட்கார்ந்தன. அக்காவுக்கும் மதினிக்கும் நடுவே ஒரு தண்ணீர்க்குடம்தான் இருந்தது. நான் கடைசியாக உள்ளே போனபோது இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இங்கன வா,” என்றாள் அக்கா. “எங்கிட்ட தோழின்னு சொன்னேல்ல?”

“எங்கிட்ட கிளின்னுல்லா சொன்னாரு சென்னைக்காரரு,” என்றாள் மதினி. அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

தீர்ப்பு அங்கேயே ஆனது. எல்லோர் முன்னாலும் நான் ஒரே பதில் சொல்ல வேண்டும். அது யாருடைய கட்சியோ அவள் சோறு போடுவாள், அதுவும் அது சரியாக இருந்தால். இல்லையென்றால் எந்த அறையிலும் ஒரு பருக்கை கிடையாது.

கிளி என்றால் கருவாடு போச்சு. தோழி என்றால் கூழ் போச்சு. மழை வேறு பிடித்துக்கொண்டது, ஓடவும் முடியாது. யாரையும் பகைக்காத பதிலாக ஒன்றைத் தேடினேன்.

“ரெண்டும் இல்ல. இளவரசனோட வாளுக்குள்ள இருக்கு.”

 மதினி அக்காவைப் பார்த்துச் சொன்னாள்: “இவனுக்கா நாம சோறு போட்டோம்?”

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் நின்று பார்த்தேன். இளவரசன் கிளியின் கழுத்தைத் திருகினான். மந்திரவாதி பாதி சுருண்டு விழுந்தான், ஆனால் சாகாமல் சிரித்தான். பாதி உயிர்தான் கிளியில் இருந்ததாம். மிச்சப் பாதி? அரண்மனையில் தோழி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அவள் தலையிலிருந்து பச்சைப் புகை கிளம்பியது. எவ்வளவு பச்சை. அக்கா தன் வீட்டில் எழுந்து நின்றிருப்பாள். வாள் கடைசிவரை இடுப்பில்தான் தொங்கியது, உறையை விட்டு எடுக்கக்கூட இல்லை.

இரண்டு மாதம் மந்திரவாதியின் உயிரைப் பற்றி அவர்கள் இருவரிடமும் நான் சொன்னது அத்தனையும் உண்மை. மாட்டிக்கொண்ட பிறகு சொன்ன ஒன்றுதான் பொய்.

திங்கட்கிழமை முதல் இரண்டு அறையும் போர்மேனிடம் கேட்டுச் சேர்ந்து சாப்பிட்டன. கருவாடும் கூழும் கைமாறின. எனக்குத் தண்ணீர். நாலாம் நாள் மதினி கூப்பிட்டாள்.

“உக்காரு. சாப்பிடு. ஆனா நாடகத்தப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது.”

அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்கு வேறொரு நாடகம் தொடங்கியது. தவளையாகிப்போன ராஜா ஒருவர், மூன்று ராணிகள். ராஜாவைத் தவளையாக்கியது யார் என்று பேச்சு. அக்கா மூத்த ராணி என்றாள். மதினி இளையவள் என்றாள். எனக்கோ சமையல்காரன்மேல் சந்தேகம். அதற்குக் காரணங்களும் வைத்திருந்தேன். சோற்றை விழுங்கி விழுங்கி வாயை அடைத்தேன். ஆறு நாள் ஓட்டினேன்.

ஏழாம் நாள், “சமையக்காரன்...” என்று தொடங்கினேன். வாக்கியம் முடிவதற்குள் மதினி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அக்கா குழம்பை மூடினாள்.