ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்ட சுருட்டை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சீப்பை உடைத்த முதல் ஆளும் நான்தான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எண்ணெய் போல வழிகிற முடி. எனக்கு மட்டும் தேங்காய் நார் மெத்தையைப் பிரித்துப் போட்டது போல ஒரு தலை. நனைந்தால் இடுப்புவரை இறங்கும். காய்ந்தால் சுருண்டு தோள்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுங்கைப்பட்டாணியில் ஆங்கிலப் பள்ளியில் படித்தபோது, பின்னால் இருப்பவர்களுக்குக் கரும்பலகை மறைகிறது என்று என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தே முதல் மார்க் வாங்கினேன். அதிலிருந்து மார்க்கின் மேலும் முடியின் மேலும் எனக்கு ஒரே அளவு கர்வம்.

மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வந்தான், பள்ளி மூடியது, நான் கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பினேன். கொஞ்ச நாளில் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். லாரி கிளப்பிய தூசி அடங்கும் முன்பே அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள். என் சீப்பில் சிக்கியிருந்த முடியை மஞ்சள் துணியில் முடிந்து, கோயில் வேப்பமரத்தில் கட்டினாள். அப்பா உயிரோடு திரும்பினால் என் தலைமுடி முழுவதும் ஆத்தாளுக்கு. லயத்துப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் சத்தமாக வேண்டிக்கொண்டாளாம். என்னை மட்டும் கேட்கவில்லை.

"ஒன் முடிய நேந்துக்கறதுதானே?" என்றேன்.

"என்துல என்னா இருக்கு, எலி வாலு. ஆத்தா என்ன ஏமாளியா?"

அதுவரை என் முடியை அம்மா புகழ்ந்து நான் கேட்டதே இல்லை. அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நேர்ந்த முடியில் கத்தரிக்கோல் படக்கூடாது. அங்கேதான் சங்கடம். ஜப்பான் பட்டாளத்தார் கண்ணில் படாமலிருக்கத் தோட்டத்தில் எல்லாத் தாய்மார்களும் பெண்பிள்ளைகளின் தலையை ஒட்ட வெட்டி, அண்ணன் தம்பி கால்சட்டையை மாட்டிவிட்டார்கள். அம்மாவால் வெட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஒரு மைல் தூரத்திலேயே தெரிகிற தலை என்னுடையது.

வழி கண்டுபிடித்தவள் அப்பாவின் தங்கை, பக்கத்து வீட்டு அத்தை. மாடு வைத்திருந்தாள், மாட்டுக்குக் கயிறும் அவளே திரிப்பாள். என்னையும் மாடு போலவே உட்கார வைத்தாள். நெற்றியிலிருந்து பிடரிவரை எட்டுப் பாத்தியாக வகிடு எடுத்து, எட்டுப் பின்னலைத் தலையோடு தலையாக ஒட்டப் போட்டு, நுனிகளைக் குறுக்கே மடித்துச் சாக்கு நூலால் தைத்துவிட்டாள். மேலே பால்வெட்டுக்காரிகளின் தலைத்துணி. முதல் இரண்டு நாள் எனக்குக் கண் மூடவில்லை. நெற்றித் தோல் முழுவதும் பின்னலுக்குள் போய்விட்டிருந்தது. வலிக்கிறது என்றால், மாடு ஒருநாளும் வாய் பேசியதில்லை என்பாள்.

ஆனால் சொல்லவேண்டும், அந்த எட்டுப் பின்னலில்தான் என் முடி வளர்ந்தது. முன்பு தினமும் காய்ந்த தலையில் சீப்பைப் போட்டு முடியை ஒடித்துக்கொண்டிருந்தேன். இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் அவிழ்ப்பது. இந்தியாவிலிருந்து கப்பல் வராததால் சீயக்காய் இல்லை. செம்பருத்தி இலையைக் கசக்கி, அந்தக் கொழகொழப்பை ஈரத் தலையில் தேய்த்து, நுனியிலிருந்து மேலே விரலாலேயே சிக்கெடுப்பேன். தேங்காய் எண்ணெய் விளக்குக்குப் போனதுபோகத்தான் தலைக்கு. சாக்குத் தலையணை முடியைத் தின்னும் என்று அம்மாவின் பழைய சேலைத் துண்டை அதன்மேல் விரித்துக்கொண்டேன். உதிர்ந்த முடியை அம்மா ஒன்றுவிடாமல் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள். ஆத்தாளின் சொத்தாம். என் தலையில் நான் வெறும் காவல்காரி.

என் படிப்பும் ஒருமுறை இதில் நுழைந்தது. சாக்கு நூல் இற்றுப்போய்ப் பின்னல் நுனிகள் பிரிந்துகொண்டே இருந்தன. ரப்பர் நீர் புகாத பொருள், எதையும் இறுக்கிப் பிடிக்கும் என்று பள்ளியில் பாடம் படித்திருந்தேன். யாரும் பால் வெட்டாமல் கிடந்த மரம் ஒன்றைக் கீறி, சிரட்டையில் பால் பிடித்து, எட்டு நுனிகளையும் முக்கினேன். வெயிலில் உட்கார்ந்தேன். பாடத்தில் சொன்னது அத்தனையும் உண்மை. எட்டு நுனியும் உறைந்து ஒரே ஒட்டுப்பால் கட்டியாகிப் பிடரியில் தொங்கியது.

தோட்டத்தில் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும், முடியில் பால் பட்டால் கத்தரிக்கோல்தான். எனக்கோ கத்தரிக்கோல் கிடையாது. அம்மாவும் அத்தையும் விளக்குக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெய் முழுவதையும் ஊற்றி, ஊற வைத்து, இழை இழையாக மூன்று நாள் உரித்தார்கள். விளக்கில்லாததால் பொழுது சாயும் முன்பே மரவள்ளிக்கிழங்கைத் தின்று முடித்தோம்.

"இதுக்குத்தான் ஒங்கப்பா அவ்ளோ தூரம் அனுப்பிப் படிக்க வச்சாரா?" என்றாள் அம்மா.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை பின்னலை ஒரு இழுப்பு இழுத்தாள். மூடிக்கொண்டேன்.

இப்படியாக முடி நனையாமலே இடுப்பைத் தொட்ட வருடத்தில் அப்பா வந்து சேர்ந்தார். முறையாக அனுப்பப்படவில்லை, ஓடி வந்துவிட்டார். காட்டு வழியாக எல்லையைத் தாண்டி, எத்தனை நாள் நடந்தாரோ அவருக்கே தெரியவில்லை. அத்தையின் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் விறகு அடுக்கும் இடத்தில் ஒளித்து வைத்தோம். ஓடி வந்தவரைத் திரும்பப் பிடித்துக்கொண்டு போவார்கள். காட்டிக்கொடுத்தவனுக்கு அரிசி கிடைக்கும். அரிசியைக் கண்ணால் பார்த்துப் பல மாதமாகியிருந்த தோட்டத்தில் யாரை நம்புவது?

அம்மா மாட்டிக்கொண்டது அங்கேதான். வேண்டுதல் பலித்துவிட்டது, முடியைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் வேண்டுதல் ஊருக்கே தெரியும். என் மொட்டைத் தலையைப் பார்த்த மறுநிமிடம் அப்பா வந்துவிட்டார் என்று தமுக்கடித்தது போல் ஆகிவிடும். கொடுக்காமலிருந்தாலோ ஆத்தா கோபித்துக்கொள்வாள்.

கோபித்துக்கொண்டாள் என்றே அம்மா நம்பினாள். அப்பாவுக்கு முறைக்காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள், மணி அடித்தது போல் வந்தது. பல் கிட்டி, கட்டையோடு கட்டையாக நடுங்குவார். அவர் நடுங்கும்போதெல்லாம் அம்மா அவரைப் பார்க்கமாட்டாள். என் தலையைப் பார்ப்பாள். சோறு இல்லாததால் சாப்பிடாமலிருந்தது போக, இதனாலும் சாப்பிடாமலிருந்தாள். தூக்கமும் போய்விட்டது.

இது கொசுக்கடியால் வரும் காய்ச்சல், கொய்னா மாத்திரை இல்லாததால் நிற்கவில்லை, என் முடிக்கும் கொசுவுக்கும் உறவில்லை என்று நான் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுபடி என் தலையைப் பார்த்தாள்.

இரண்டு வாரம் பொறுத்தேன். அதற்குமேல் அந்தப் பார்வையைத் தலையில் சுமக்க முடியவில்லை.

"பேன்னு சொல்லிருவோம்," என்றேன்.

அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. தோட்டத்தில் பேன் பிடித்துத் தலையை மழித்துக்கொண்டவர்கள் ஏராளம். பேன் ஏறிய முடியை ஆத்தாளுக்கு எப்படிக் கொடுப்பது என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள், யாரும் இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் பேன் இல்லாத தலை என்று லயம் முழுவதும் பீற்றிக்கொண்டவள் நான். மற்ற பெண்களுக்கு வரிசையாகச் சுத்தம் பற்றிப் பாடம் எடுத்ததும் நான்தான்.

மறுநாள் காலை குழாயடியில் எல்லோரும் பார்க்க நின்று, தலைத்துணிக்குள் விரலை விட்டுச் சொறிந்தேன். இரண்டு கையாலும் சொறிந்தேன். வாழ்க்கையில் அதைவிடக் கடினமான பரீட்சை நான் எழுதியதில்லை.

"படிச்ச தலையிலயும் ஏறிருச்சா லா?" என்றாள் ஒரு அக்கா. வாளிகள் தளும்பும் அளவுக்குச் சிரித்தார்கள். அன்றும் எனக்கு முதல் மார்க்தான்.

காய்ச்சல் விடுப்பு எடுத்த நாளாகப் பார்த்து, அப்பாவே தன் சவரக்கத்தியால் மழித்தார். பாதியில் நிறுத்தி, விரலில் ஒரு சுருளைச் சுற்றிப் பார்த்து, கொட்டகைக்கு வந்த அன்று தலைத்துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இதை வைத்துத்தான் என்னை அடையாளம் தெரிந்தது என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும் அப்பா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"ஒன் தலை இத்துனூண்டுதானாம்மா?"

மொட்டையில் சந்தனம் பூசுவது முறை. பேனுக்கு மழித்தவளுக்கு எவள் சந்தனம் பூசுவாள்? அம்மா உச்சியில் கடுகளவு மஞ்சளைத் தொட்டு வைத்து, அதன்மேல் தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். முடியைப் பிஸ்கட் டின்னோடு சேர்த்துப் புல்லுக்கட்டுக்குள் வைத்து அத்தை தலையில் சுமந்துபோய், கோயிலுக்குப் பின்னால் ஆற்றில் விட்டாள்.

மறுநாள் காய்ச்சல் சொன்ன நேரத்துக்கு வந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என் தலைப்பக்கமே திரும்பவில்லை. அப்பாவின்மேல் நான்கு சாக்கைப் போர்த்தி, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெருச் சீனத்து அம்மாவிடம் கொய்னா இருக்கிறதாம், நாளைக்கு நீயே போய் உன் இங்கிலீசில் கேட்டுப் பார் என்றாள். அவர் நடுக்கம் நின்றதும், விறகு அடுக்கில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். பட்டப்பகலில், வாய் திறந்து, குறட்டையோடு.

எனக்குக் கொய்னா கிடைத்தது. இங்கிலீசால் அல்ல, அந்தச் சீனத்து அம்மா என் மொட்டைத் தலையைப் பார்த்து, எனக்குத்தான் நோய் என்று இரங்கிக் கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் தலையில் முடி வளர்ந்திருந்தது. மொட்டையடித்தால் நேராக முளைக்கும் என்று அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. தினமும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். ஒருநாள் விரல் சுருளில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

"ஆத்தாளுக்கே சிக்கெடுக்க முடியல போல," என்றாள். "அப்படியே திருப்பி அனுப்பிட்டா."