டோபாலஜிக்குப் பூப்போட்டுப் பார்த்தது

பி.எஸ்சி. கணிதத்தில் எங்களுக்குக் கிடைத்த சுதந்திரம் ஒன்றே ஒன்றுதான். கடைசி செமஸ்டரில் ஒரு பேப்பரை மட்டும் நாங்களே தேர்ந்தெடுக்கலாம். டோபாலஜி, இல்லையென்றால் ஆபரேஷன்ஸ் ரிசர்ச். அதுவரை கொடுத்ததைப் படித்துக்கொண்டிருந்தவர்களிடம் திடீரென்று 'உங்களுக்கு எது வேண்டும்' என்று கேட்டால் முழிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் முழிக்கவில்லை. வகுப்பே ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று கத்தியது. அதற்கு கொஸ்டின் பேங்க் இருந்தது, சீனியர்களின் நோட்ஸ் இருந்தது, பெயரிலேயே ஒரு கம்பெனி வாசனையும் இருந்தது.

எனக்கு டோபாலஜி வேண்டும். ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுத ஆசைப்பட்டிருந்தேன். அங்கே இடம் கிடைத்துவிட்டால் அப்பாவிடம் கைநீட்ட வேண்டியதில்லை. அவர்களே உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைப்பார்கள். பழைய வினாத்தாள்களை போனில் இறக்கிப் பார்த்தேன். பாதிக் கேள்விகள் டோபாலஜி. காம்பாக்ட் என்றால் எனக்கு முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாதான் தெரியும். அதை ஒரு செட்டுக்கு எப்படிச் சொல்வார்கள் என்று யாரைக் கேட்பது? யூடியூபில் ஒரு பேராசிரியர் கரும்பலகைக்கு முதுகைக் காட்டாமல் அழகாகத்தான் நடத்தினார். ஓப்பன் செட் என்றால் என்ன என்று அவர் சொல்லும் இடம் வரும்போதெல்லாம் நான் ரீவைண்ட் செய்துகொண்டிருந்தேன். அதைத் தாண்டவே முடியவில்லை. எதிரில் ஒரு ஆள் நின்று, நான் முழிப்பதைப் பார்த்து, 'சரி, வேற மாதிரி சொல்றேன்' என்று சொன்னால் ஒழிய எனக்கு அது ஏறாது.

வீட்டில் கேட்டேன். நாங்கள் மணவாள நகரில் வாடகைக்கு இருக்கிறோம். அப்பா காட்டுப்பள்ளிப் பக்கம் கான்ட்ராக்டில் வெல்டிங் வேலைக்குப் போய், வாரத்துக்கு ஒருமுறை வருவார்.

"எது ஈசியா கீதோ அத்த எடுத்துக்க. மார்க்கு வரும்ல?" என்றார் அப்பா.

"ரெண்டத்தையும் எடுத்துக்கினா இன்னா?" என்றார் அம்மா. ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறவர்; கேட்பவர்களுக்கு இல்லையென்று சொல்லாமல் பரிமாறிப் பழகியவர்.

இரண்டு பேர் மேலும் எரிந்து விழுந்தேன். எரிந்து விழ வீட்டில் வேறு யாரும் இல்லை.

துறைத் தலைவி மேடம் நல்லவர். "நானே டோபாலஜியைத் தொட்டுப் பல வருஷமாச்சும்மா. ஆனா நடத்தறேன். பத்துப் பேர் வேணும். பத்து இல்லாட்டி காலேஜ்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். அன்றிலிருந்து வகுப்பில் ஓட்டுக் கேட்க ஆரம்பித்தேன். ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டுக்குப் படம் போட்டுக் கொடுத்தேன். ஒருத்திக்கு தினமும் பஸ்ஸில் இடம் பிடித்து வைத்தேன். இன்னொருத்தி, டோபாலஜியில் கணக்கே போட வேண்டியதில்லை, தியரி மட்டும்தான் என்று தானாகவே நம்பிக்கொண்டு வந்தாள். நான் திருத்தப் போகவில்லை. என்னையும் சேர்த்து ஒன்பது பேர் தேறினோம். மிச்சமிருந்தவர்களில் அசையக்கூடியவள் என் தோழி ஒருத்திதான்.

அவள் பெரியபாளையத்தை ஒட்டிய கிராமத்திலிருந்து வருகிறவள். சொந்தமாக நெல் வயல் உள்ள வீடு. "எனக்கு எதுன்னாலும் ஓகேடி. எங்கம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்கினு சொல்றேன்" என்றாள். அவளுடைய அம்மா எதையும் தானாக முடிவு செய்ததாகச் சரித்திரம் இல்லை. வயலில் போர்வெல் எங்கே போடுவது, பெரிய பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் பவானி அம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பார். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் பதில். அப்படித்தான் என் டோபாலஜியும் அம்மன் சன்னதிக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். வீட்டில் உட்கார்ந்து நகம் கடிப்பதற்கு அங்கே போய்க் கடிக்கலாமே என்றுதான். வேப்பிலை கட்டிக்கொண்டு வலம் வருகிறவர்களின் கூட்டம் தள்ளியது. பிராகாரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நாகர் சிலைகளுக்கு முன்னால் தோழியின் அம்மா உட்கார்ந்து, வீட்டிலிருந்தே வாழையிலையில் மடித்து நார் சுற்றிக் கொண்டுவந்த இரண்டு பொட்டலங்களையும் வைத்தார். சிவப்பு அரளி வந்தால் டோபாலஜி. வெள்ளை அரளி வந்தால் மற்றது. பிராபபிலிட்டி பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவள் நான். பாதிக்குப் பாதி என்று மனசு கணக்குப் போட்டது. பாதி என்பது மோசமில்லை என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

"நீயே எடும்மா. கன்னிப் பொண்ணு எடுக்கறதுதான் நல்லது" என்றார் அவர்.

எனக்கு அம்மனிடம் பெரிய பழக்கம் கிடையாது. அன்றைக்குப் பழகினேன். தாயே, எனக்குக் கேட்க ஆளில்லை, இந்த ஒரு பேப்பரைக் கொடு என்று கண்ணை மூடிக்கொண்டு கெஞ்சினேன். இடது பக்கம் இருந்ததை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை.

தோழி என் முதுகைத் தடவினாள். அவளுடைய அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். இன்னொரு பொட்டலத்தை மகளிடம் கொடுத்து, கால் படாத இடமாகப் பார்த்துப் போட்டுவிடச் சொன்னார். அவள் மறந்துபோய் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். முன் சீட்டில் அவளுடைய அம்மா. பின்னால் நாங்கள். சும்மா இருக்க முடியாமல் நாரை நோண்டிக்கொண்டே வந்தவள் திடீரென்று நிறுத்தினாள். கையை என் மடிக்குக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள்.

அதிலும் வெள்ளை.

நாங்கள் இரண்டு பேரும் முன்னால் இருந்த அந்தக் கொண்டையைப் பார்த்தோம். ஒரு அம்மாவைப் பார்த்து, சன்னதியில் வைத்து ஏமாற்றினீர்களே என்று எந்த வாயால் கேட்பது? தோழி பூவை ஜன்னல் வழியாக விட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்தது சுத்தமான கோபம். பாதிக்குப் பாதி என்று நினைத்தேனே, சைபரிடம் போய்க் கெஞ்சியிருக்கிறேன்.

அவர்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கும்போது அந்த அம்மா என் தோளைத் தொட்டார். "கோச்சுக்காதம்மா. நீ படிக்கப் போற புள்ள. எப்டியாவது படிச்சுக்குவ. இவ வேலைக்குப் போவணும். எந்தம்பி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல சூப்பர்வைசரு. அந்தப் பேப்பரு படிச்சிருந்தா குவாலிட்டி செக்ஷன்ல போட்டுடறேன்னு சொல்லிக்கினு கீறான்."

நாங்கள் பார்த்தது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க வீடு வரை யோசித்தேன். கிடைக்கவில்லை. அதுதான் ஆத்திரமாக இருந்தது. அன்று நடந்ததை அம்மாவிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னேன். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தம்மாவத் திட்டாத" என்று மட்டும் சொன்னார்.

பத்தாவது ஆள் சேராததால் நானும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்தான் படித்தேன். எந்த லாரியில் எவ்வளவு சரக்கு ஏற்றினால் செலவு குறையும் என்று நன்றாகவே போட்டேன். வகுப்பிலேயே அதிக மார்க் எனக்குத்தான். நுழைவுத் தேர்வில் லாரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. காம்பாக்ட் கேட்டார்கள், கனெக்டட் கேட்டார்கள். ஏசி ஹாலில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரிசல்ட்டில் என் எண் இல்லை. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

தோழியின் மாமா கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். நீலக் கோட்டு போட்ட போட்டோ அனுப்பினாள். கொஞ்ச நாளில் போனும் வந்தது. "எங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்கடி. மாமாகிட்ட சொல்லட்டா?" உண்மையான பிரியத்தோடுதான் கேட்டாள்.

அந்தச் சமயம் அப்பாவின் கான்ட்ராக்டர் ஆட்களைக் குறைத்திருந்தார். அப்பா வீட்டில் இருந்தார். பகலில் வீட்டில் இருந்து பழக்கமில்லாதவர், ஓடாத ஃபேனைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். இந்த நிலைமையில், இன்னும் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து அந்தத் தேர்வையே மறுபடி எழுதுகிறேன் என்று எப்படிச் சொல்வது? வேலைக்குப் போகிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சாப்பிடும்போது மூன்று பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பெரியபாளையம் போய் பூப்போட்டுப் பாத்துடலாம்" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. அப்பா ஆச்சரியமாக நிமிர்ந்தார். பிறகு, "அம்மன் சொல்றபடி நடக்கட்டும்" என்றார்.

அதே வேப்பமரம், அதே நாகர்கள். பொட்டலங்களை அம்மாவே வீட்டில் கட்டி எடுத்து வந்திருந்தார். சிவப்பு வந்தால் படிப்பு, வெள்ளை வந்தால் கம்பெனி.

"நீயே எடு."

இந்த முறை நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. எது வேண்டும் என்றே தெரியாதபோது என்ன வேண்டுவது? எடுத்துப் பிரித்தேன். சிவப்பு.

"பாத்தியா, படின்னு சொல்லிட்டா!" என்று அம்மா சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்தேன். கட்டைவிரல் நார் முடிச்சுக்குப் போயிருந்தது.

அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே, இன்னொரு கையால் வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"அத்த இன்னாத்துக்குப் பிரிக்கற? சாமி குத்தம் ஆயிடும்." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அப்பாவிடம் பேச்சைத் தொடர்ந்தார்.

திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். விடிவதற்கு முன்பே எழுந்து கேன்டீனுக்குப் போகிற உடம்பு. இடுப்பில் செருகிய வாழையிலையின் நுனி சேலை மடிப்பில் லேசாகத் தெரிந்தது. உருவினால் அவருக்குத் தெரியவே தெரியாது. பிரித்துப் பார்த்து அதிலும் சிவப்பு இருந்திருந்தால், 'வேணாம்மா, நான் வேலைக்கே போறேன்' என்று சொல்ல எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

நான் போனை எடுத்து டோபாலஜி வீடியோவை முதலிலிருந்து போட்டேன்.