ஏழாம் எண் அறையின் அடுப்புச் சுவர்

1993 ஜூன் முதல் பிரிஸ்கில்லா ஒரே அறையில் குடியிருக்கிறார். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. உத்திரமேரூருக்கு வெளியே ஓர் அரிசி மில்லின் பின்புறம், தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசையில் ஏழாவது. கணவர் தானியேல் மில்லில் நெல் அவித்தார். பிரிஸ்கில்லா அதைக் களத்தில் பரப்பி, காலால் கிளறிக் காயவைத்தார். 2016-ல் மில் மூடியது. மறு வருடம் தானியேல் இறந்தார்.

மில் இப்போது நவீன ஓவிய, சிற்ப அருங்காட்சியகம். சென்னை அறக்கட்டளை ஒன்று வாங்கியது. பழையதை எதையும் மறைக்கக் கூடாது என்பது கட்டடக் கலைஞர் நிஷாவின் கட்சி. 1964-ல் எழுப்பிய செங்கல் புகைபோக்கி அப்படியே நிற்கிறது. மூட்டை அடுக்கிய கிடங்கில் ஓவியங்கள். கூரையை ஒட்டிய காற்றுத் துவாரங்கள்தான் வெளிச்சம். நெல் ஊறிய தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் வீடியோ ஓடுகிறது. சிமெண்டுக் களத்தில் இரும்புச் சிற்பங்கள்.

பன்னிரண்டு அறைகளில் பதினொன்றை இடித்தார்கள். ஏழாம் எண்ணை விட்டுவைத்தது அதன் அடுப்புச் சுவருக்காக. இருபத்து மூன்று வருடம் மில் உமியை எரித்துச் சமைத்ததில் தரையிலிருந்து ஓடு வரை கரி. ஓர் ஓரத்தில், வேலை முடிந்து வந்து தானியேல் தலை சாய்த்த இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் படிந்திருந்தது.

"இந்தச் சுவர்தான்க்கா கடைசி கேலரி," என்றார் நிஷா. "நீங்க இங்கயே இருங்க. வர்றவங்க பார்த்துட்டுப் போகட்டும். இது இருக்கிற வரைக்கும் ரூமை யாரும் தொட மாட்டாங்க."

பிரிஸ்கில்லாவுக்கு வேறு வீடு இல்லை. மகள் ஏஞ்சல் செங்கல்பட்டில் மாமியாரோடு ஒற்றை அறையில் இருக்கிறார். சரி என்றார். களம் பெருக்கும் வேலையும் கொடுத்தார்கள்.

கடந்த டிசம்பரில் திறப்பு விழா. அதற்கு முந்தைய நாள் மேலாளர் புருஷோத்தமன் வந்தார். பழைய மில்லிலும் மேற்பார்வை பார்த்தவர்.

"நாளைக்கு நூறு பேரு உன் வூட்டைப் பாக்க வராங்க. சுத்தமா வெச்சிக்க."

பிரிஸ்கில்லா பஜாருக்குப் போய் ஐந்து கிலோ சுண்ணாம்பு வாங்கிவந்தார். இருட்டுவதற்குள் சுவர் முழுக்க இரண்டு கோட்டு அடித்துவிட்டார்.

காலையில் புருஷோத்தமன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது?"

"வெள்ளையடிச்சேன் சார்."

"அது தெரியுது, கண்ணு கூசுது. ஏன் அடிச்ச?"

"வெளியாளுங்க வராங்கன்னீங்களே. முப்பது வருசத்துல இந்த வூட்டுக்கு யாருன்னா வந்தாங்களா? வர்ற அன்னிக்கு கரி செவுத்தையா காட்டறது?"

"அவங்க வர்றதே கரியைப் பாக்கத்தான்!"

"கரியைப் பாக்க காரு வெச்சிக்கினு வருவாங்களா சார்? செவுரு வேணும்னாங்க. செவுரு அங்கியேதான கீது."

நிஷா வந்தார். திட்டவில்லை. ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்தார். சுண்ணாம்போடு கரியும் சேர்ந்து வந்தது. துணியை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார். அன்று முழுவதும் ஏழாம் எண் அறைக்குப் பூட்டு. விருந்தினர்கள் தொட்டியையும் கிடங்கையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

எண்ணெய் வட்டத்தின் மேல் சுண்ணாம்பு முதலில் பிடிக்கவில்லையாம். அங்கே மட்டும் மூன்று கோட்டு அடித்ததாகப் பிரிஸ்கில்லா சொல்கிறார். களம் பெருக்கியதைச் சொல்லும் அதே குரல்.

ஜனவரியில் அறக்கட்டளை கூடியது. வெறும் வெள்ளைச் சுவருக்காக ஓர் அறையை வைத்திருக்கக் காரணம் இல்லை என்று முடிவானது. புருஷோத்தமன் வந்து சொன்னபோது பிரிஸ்கில்லா முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுனா சொல்லும்மா. மேடத்தாண்ட பேசிப் பாக்கட்டா?"

"இன்னா சார் பேசறது. எப்ப காலி பண்ணணும்?"

மாதக் கடைசி என்றார். பிரிஸ்கில்லா கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு மறுபடி புடைத்தார்.

பிப்ரவரி மூன்றாம் தேதி ஜேசிபி வருகிறது. அந்த இடத்தில் எட்டு கார் நிறுத்தலாம்.