மணந்துவிட்டுத் தந்த கோப்பை

இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சா என்ற பழைய பகுதியில் நான் வேலை செய்யும் விடுதிக்குப் பளு தூக்கும் போட்டிக்காக ஒரு யப்பானியப் பெண் வந்திருந்தார். கட்டையான உருவம், காய்த்துப்போன உள்ளங்கைகள். முதல்நாள் நான் கொடுத்த தேத்தண்ணியை மூக்கருகே பிடித்துக் கண்மூடி மணந்துவிட்டு, குனிந்து வணங்கித் திருப்பித் தந்தார். எங்கள் தமிழ் ஆட்களிடையே கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் விட்டால் கோபம் என்று அர்த்தம்.

“ஒரு மிடறெண்டாலும் குடியுங்கோ பிள்ளை,” என்றேன்.

எங்களுக்கு நடுவில் அவருடைய கைபேசிதான் மொழிபெயர்த்தது. “நாளை என் உடல் எடையைப் பார்ப்பார்கள். கூடினால் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். இத்தனை வருடமாக எந்த நாட்டுக்குப் போனாலும் மணம் மட்டும்தான்.”

மறுநாள் போட்டி முடிந்து வந்தார். வென்றாரா என்று நான் கேட்கவில்லை.

“இனிக் குடிக்கலாம்தானே,” என்று கோப்பையை நீட்டினேன்.

தலையாட்டி வாங்கினார். நெடுநேரம் மணந்தார். பிறகு வணங்கி, நிறைந்த கோப்பையை என்னிடமே தந்துவிட்டுப் படியேறிப் போனார்.

குடிக்காமல் விட்டது யார்மேல் கோபமென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.